மின்னை விரயமின்றி ஆளும் வித்தை
(எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்திற் செய்த பேச்சு)



இன்று பேசவேண்டிய பொருளை எமக்குத் தந்தவர்கள் வாலிபர்கள். மின்மோட்டர்களின் வேகத்தை ஆளுகின்ற கருவிகளும், மின்னை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றித் தருகின்ற கருவிகளும் எவ்வாறு தோன்றின என்பதே அப்பொருள். சொற்பொழிவுகளுக்கும் விழாக்களுக்கும் பழகிய இம்மண்டபத்தில் இஃதென்ன புதுமை என்று பெரியோர் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அது இம்மேசையின் மேலேயே இருக்கிறது.

இச்சிறு வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். நான்கு தீப்பெட்டிகளை அடுக்கிய அளவுதான். சுவரிற் செருகினால் பச்சை விளக்கொன்று எரியும். சென்ற ஆண்டு ஒருவர் இதனை இங்கே கொண்டுவந்து, மின்கட்டணத்தை நூற்றுக்கு முப்பது குறைக்கும் என்றார். கிணற்று மோட்டரை ஓடவிட்டு, கம்பியிற் கொளுவும் அளவைக் கருவி ஒன்றினால் எத்தனை அம்பியர் என்று காட்டினார். பெட்டியைச் செருகினார், அம்பியர் எம் கண்முன்னே குறைந்தது. நாம் கைதட்டினோம். பின்வரிசையிலிருந்து வாலிபர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவர் அளப்பது அம்பியரை, கட்டணம் அறவிடுவது அதற்கல்லவே" என்றார். "தம்பி, இரும்" என்று நாம் சொன்னோம். அவரும் இருந்துவிட்டார். எமது சொல்லை நம்பிப் பதினான்கு வீட்டார் இப்பெட்டியை வாங்கினர். ஒரு வீட்டிலாவது கட்டணம் குறையவில்லை. அன்று "இரும்" என்று சொன்ன வாய்தான் இன்று பேசுகிறது. ஏமாந்த இடம் எது என்பதை நாமே படித்து அறிந்து சொல்லவேண்டும் என்று வாலிபர்கள் விதித்தார்கள். அது நியாயமான தண்டனை.

பழைய காலத்து விசிறியிலிருந்து தொடங்குவோம். இம்மண்டபச் சுவரில் முன்னர் விசிறிகளுக்கு ஒரு கறுத்த றெகுலேற்றர் இருந்தது பெரியோருக்கு நினைவிருக்கும். விசிறியை மெல்லச் சுழலவிட்டால் அப்பெட்டி சுடும். அதனுள்ளே பீங்கானிற் சுற்றிய தடைக்கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. விசிறிக்குப் போகவேண்டிய மின்னின் ஒரு பங்கை அச்சுருள் வழியிலேயே மறித்து வெப்பமாக்கிவிடும். எஞ்சியது விசிறிக்குப் போகும். மாட்டை ஒரு கையால் விரட்டிக்கொண்டு, மறுகையால் வண்டிச் சில்லைப் பிடித்து நிறுத்துவது போன்றதொரு முறை இது. வேகம் குறையும் என்பது உண்மை. மாட்டுக்குத் தீனி மிஞ்சாது.

ஒரு விசிறிக்கு இது பெரிய நட்டம் அன்று. ஆயின் சுரங்கத்திலிருந்து நிலக்கரித் தொட்டியை மேலேற்றும் மோட்டர், கடதாசி ஆலையின் உருளை, உயர்ந்த மாடத்தின் மின்தூக்கி ஆகியவை நூற்றுக்கணக்கான குதிரைவலு உடையவை. அவற்றின் வேகத்தைத் தடைச்சுருளால் ஆண்டால் ஒரு சூளை அளவு வெப்பம் வீணே எழும். இதற்கு முதன்முதலில் நல்லதொரு விடை கண்டவர் ஹரி வார்ட் லெனாட் என்ற அமெரிக்கர். எடிசனின் நிறுவனத்திற் பணிசெய்து பழகியவர். 1891ஆம் ஆண்டில் அவர் வகுத்த முறை வார்ட் லெனாட் முறை என்றே பெயர்பெற்றது.

அவர் செய்தது இதுதான். நேரோட்ட மோட்டருக்குக் கொடுக்கும் அழுத்தம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். அழுத்தத்தைத் தடைச்சுருளால் நெரித்துக் குறைப்பதற்குப் பதிலாக, வேண்டிய அழுத்தத்தையே பிறப்பித்துக்கொண்டால் என்ன? எனவே, ஒரு மோட்டர் மாறா வேகத்திற் சுழன்று ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அப்பிறப்பாக்கியின் காந்தச் சுருளுக்குப் போகும் சிறு மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால், அது தரும் பெரிய அழுத்தமும் கூடிக் குறையும். அவ்வழுத்தத்தில் வேலைசெய்யும் மோட்டர் ஓடும். ஒரு சிறுவன் விரலால் திருப்பக்கூடிய சிறு கைப்பிடி, பெரும் பாரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றவும் இறக்கவும் செய்தது. போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளைத் திருப்பவும் இம்முறை பயன்பட்டது. மின்தூக்கிகளிற் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. குறை ஒன்றே: ஒரு மோட்டர் வேலைசெய்ய மூன்று பெரிய இயந்திரங்கள் வாங்கவேண்டும். மூன்றிலும் சிறிது சிறிதாக விரயம் உண்டு. மூன்றுக்கும் எண்ணெய் விடவேண்டும்.

இதே காலத்தில் வேறொரு மோட்டரும் பிறந்தது. இத்தாலியிலே தூரின் நகரத்துப் பேராசிரியர் கலிலியோ பெராரிஸ், அமெரிக்காவிலே நிக்கொலா தெஸ்லா இருவரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, ஆடலோட்டத்தினாற் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கலாம் என்று கண்டனர். இருவர் வேலையும் 1888ஆம் ஆண்டில் உலகிற்குத் தெரியவந்தது. மறு ஆண்டில் டொலிவோ டொப்ரோவொல்ஸ்கி என்ற உருசியர், ஜெர்மனியில் இருந்துகொண்டு, மூன்று அவத்தை மின்னில் ஓடும் கூட்டுச் சுழலி மோட்டரை அமைத்தார். கடைகளில் 'மூன்று பேஸ்' என்று சொல்வது இந்த மூன்று அவத்தையைத்தான். இந்தத் தூண்டல் மோட்டருக்குத் தேய்கின்ற கரித்துண்டு இல்லை, பொறி பறக்காது, மழைத் தூவானத்தையும் புழுதியையும் பொறுக்கும். எமது கிணற்றடியில் இருப்பதும் இவ்வினந்தான்.

அதன் குணத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. அழுத்தத்தைக் குறைத்தால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது, வலிமையைத்தான் இழக்கும். அதன் வேகம் மின்னின் மீடிறனைப் பின்பற்றுவது. எமது நாட்டில் மின் செக்கனுக்கு 50 தடவை ஆடுகிறது. நான்கு துருவ மோட்டரானால் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும். சுழலி அதற்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். வேகத்தை மாற்றவேண்டுமானால் மீடிறனையே மாற்றவேண்டும். அதற்கு மின்நிலையத்தைத்தான் மாற்றவேண்டும் என்று எண்ணிய காலம் அது. ஆகவே ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகள் உலகத்து ஆலைகள் ஒரு சங்கடத்தில் இருந்தன. ஆளுவதற்கு எளிதான நேரோட்ட மோட்டர் விலை கூடியது, அடிக்கடி பழுதாவது. உறுதியும் மலிவும் உள்ள தூண்டல் மோட்டரோ சொற்கேளாதது.

இச்சங்கடம் தீர்ந்த கதையிலே பல பெயர்கள் வரும். அவற்றுக்கெல்லாம் அடிப்படையான எண்ணம் ஒன்றே. அதனை முதலிற் சொல்லிவிடுகிறோம். இது விளங்கினால் மிகுதி எளிது.

ஒரு சுவிச்சைப் போட்டால் மின் ஓடுகிறது. ஆனால் சுவிச்சின் இரு முனைக்கும் இடையில் அழுத்தம் இல்லை. நிறுத்தினால் அழுத்தம் முழுவதும் நிற்கிறது. ஆனால் மின் ஓடவில்லை. வெப்பமாகப் போகும் வலு என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது. இரண்டில் ஒன்று எப்பொழுதும் பூச்சியமானால் பெருக்கமும் பூச்சியமே. ஆகையால் முற்றாக வழிவிடும் சுவிச்சு சுடாது. முற்றாக மறிக்கும் சுவிச்சும் சுடாது. அரைகுறையாக வழிவிடுவதுதான் சுடும். பழைய விசிறிப் பெட்டி சுட்டது அதனாலேதான்.

சரி, அரைப்பங்கு மின் வேண்டுமானால்? அரைவாசி நேரம் முற்றாகக் கொடு, அரைவாசி நேரம் முற்றாக நிறுத்து. வேகமாக மாறி மாறிச் செய்தால் மோட்டருக்கு வேறுபாடு தெரியாது. ஊஞ்சலை நினையுங்கள். அதை இடைவிடாமற் பிடித்துத் தள்ளுவார் எவருமில்லை. உரிய நேரத்தில் ஒரு தள்ளு. பின் கையை எடுத்துவிடுகிறோம். இடைப்பொழுதில் ஊஞ்சலின் பாரமே அதனைக் கொண்டுசெல்கிறது. மோட்டரின் சுருளுக்கும் அப்படியொரு பாரம் உண்டு. அதற்குத் தூண்டுதிறன் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் மின்னைச் சட்டென நிற்க அது விடாது. துண்டு துண்டாகக் கொடுத்த மின்னை அது தன்னுள்ளே சமமாக்கிக்கொள்ளும்.

எண்ணம் இவ்வளவுதான். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு நிறுத்தக்கூடிய சுவிச்சுக்கு எங்கே போவது? கையாற் போடும் சுவிச்சு பொறி பறந்து எரிந்துவிடும். அச்சுவிச்சைத் தேடிய வரலாறே இத்துறையின் வரலாறு.

1902ஆம் ஆண்டில் பீற்றர் கூப்பர் ஹியூவிற் என்ற அமெரிக்கர், காற்றகற்றிய கண்ணாடிக் குடுவையில் இரசத்தை வைத்து, மின் ஒரு திசையில் மட்டும் செல்லும் சீராக்கியைச் செய்தார். ஊதா நிற ஒளி நடுங்கும் அக்குடுவைகள் புகையிரதங்களுக்கும் ஆலைகளுக்கும் நேரோட்டம் வழங்கின. பார்ப்பதற்கு அழகு, உடைந்தால் நஞ்சு. 1947 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தபின், கண்ணாடிக்குப் பதிலாகச் சிலிக்கன் சில்லு வந்தது. 1957இல் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தில் கோர்டன் ஹோல் தலைமையிலான குழுவினர் தைரிஸ்டர் என்று இன்று சொல்லப்படும் சிலிக்கன் சுவிச்சை ஆக்கினர். அதனைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவருவதில் பில் குட்ஸ்வில்லர் முன்நின்றார். விரல்நுனி அளவு பொருள், ஒரு சிறு தூண்டலினால் பெரிய மின்னோட்டத்திற்கு வழிவிட்டது.

ஆனால் தைரிஸ்டருக்கு ஒரு குணம். வழிவிடு என்றால் விடும். மறி என்றால் கேட்காது. ஓடும் மின் தானாகப் பூச்சியத்துக்கு வந்தாற்றான் அடைபடும். ஆடலோட்டத்தில் மின் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. ஆதலால் அங்கே தொல்லையில்லை. நேரோட்டத்தில் அதனை வலிந்து அணைப்பதற்கு வேறு சுற்றுக்கள் வேண்டியிருந்தன. 1960களில் வில்லியம் மக்மறே போன்ற பொறியியலாளர் அதற்கென்றே நுட்பமான சுற்றுக்களை வகுத்தனர். 1968இல் டென்மார்க்கு நாட்டு டன்பொஸ் நிறுவனம் தூண்டல் மோட்டரின் மீடிறனை மாற்றும் கருவியைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. மின்நிலையத்தை மாற்றாமல், மோட்டருக்கு அருகிலேயே வேண்டிய மீடிறனை ஆக்கும் காலம் வந்துவிட்டது.

இவ்விடத்திலேதான் எமது பெட்டியின் வம்சவரலாறு நுழைகிறது. இதை விற்றவர், "இது அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு" என்று சொன்னார். முழுப்பொய் அன்று, அதுதான் எம்மை வீழ்த்தியது. நாசாவின் ஹண்ட்ஸ்வில் நிலையத்திற் பணிபுரிந்த பிராங் நோலா என்ற பொறியியலாளர் 1977இல் மெய்யாகவே ஒரு காப்புரிமை பெற்றார். பாரம் இன்றி வெறுமனே ஓடும் தூண்டல் மோட்டரும் தன் காந்தப்புலத்தைப் பேணுவதற்காக நிறைய மின்னோட்டத்தை இழுக்கிறது. நோலாவின் கருவி, அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலுள்ள பிந்துகையை உணர்ந்து, மோட்டருக்கு வேலை குறைவு என்று கண்டால் அழுத்தத்தைத் தானே குறைத்துவிடும். தையல் இயந்திரம், துளையிடும் இயந்திரம் போன்று பெரும்பொழுது சும்மா சுற்றுகின்ற மோட்டர்களில் இதனாற் சேமிப்பு உண்டு. முழுப் பாரத்துடன் ஓடும் மோட்டரிற் சேமிப்பு இல்லை. நோலாவின் அறிவு நேர்மையானது. சந்தையின் விளம்பரமோ எல்லா மோட்டருக்கும், பின் எல்லா வீட்டுக்கும் என்று விரிந்துபோயிற்று.

எமது பெட்டியிலே நோலாவின் கருவியும் இல்லை. அன்று எழுந்த அதே வாலிபர், சென்ற மாதம் இப்பெட்டியை எம் முன்னிலையிற் கழற்றினார். உள்ளே ஒரு கொள்ளளவி, பச்சை விளக்கு, அதற்கொரு சிறு தடை. வேறொன்றுமில்லை.

அப்படியானால் அம்பியர் குறைந்தது எப்படி? இதைத்தான் நாம் பல இரவு இருந்து படித்தோம். மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தில் இரு கூறு உண்டு. ஒன்று வேலைக்காகச் செலவாவது. மற்றது கைமாற்று. காந்தப்புலத்தை உண்டாக்க வாங்கி, அப்புலம் அடங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவது. செக்கனுக்கு 100 தடவை இக்கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கொள்ளளவியும் கைமாற்றுக் கொடுக்கும், வாங்கும். ஆனால் மோட்டர் வாங்கும் நேரத்தில் அது கொடுக்கும், மோட்டர் கொடுக்கும் நேரத்தில் அது வாங்கும். ஆகவே மோட்டர் வெளியூரிற் கைமாற்று வாங்காமல் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்கிறது. தெருவிலிருந்து வரும் கம்பியில் அம்பியர் குறைகிறது. எல்லாம் உண்மை. ஆனால் வீட்டு மின்மானி கைமாற்றுக்குக் கட்டணம் எழுதுவதே இல்லை. செலவானதை மட்டும் எழுதுகிறது. வாங்கித் திருப்பிக் கொடுத்த அரிசிக்குக் கடையிற் கணக்கு ஏது? பெரிய ஆலைகளுக்கு உச்சக் கேள்வியை அளந்தும் கட்டணம் விதிப்பர். கைமாற்றும் அவ்வளவிற் சேரும். அங்கே கொள்ளளவி பணத்தைச் சேமிக்கும். வீட்டிலே பச்சை விளக்கு எரியும், அவ்வளவே.

இப்பெட்டியை விட்டு மேலே செல்வோம். தைரிஸ்டரின் பின் தேவைப்பட்டது, வழிவிடு என்றால் விடவும் மறி என்றால் மறிக்கவும் செய்கின்ற சுவிச்சு. இருவகைத் திரான்சிற்றர்கள் இருந்தன. ஒருவகை பெரிய ஓட்டத்தைக் குறைந்த விரயத்தோடு விடும். ஆனால் அதனை ஏவுவதற்கே நிறைய மின் வேண்டும். மற்றவகையை அழுத்தத்தைக் காட்டினாற் போதும், ஏவிவிடலாம்; ஆனால் உயர்ந்த அழுத்தத்திற்கு ஆக்கினால் அதன் தடை மிகக் கூடிவிடும். முதல்வகை வேலையில் வல்ல, ஆனால் கூலி கேட்கின்ற ஆள். இரண்டாம்வகை சொன்னதைக் கேட்கும், பாரம் தூக்கமாட்டாத ஆள்.

இவ்விருவரையும் ஓராளாக்கியவர்களுள் முதன்மையாகச் சொல்லப்படுபவர் ஜயந்த் பாலிகா. சென்னையில் 1948இற் பிறந்தவர். அவர் தந்தையாரும் இந்தியாவின் முன்னோடி மின்பொறியியலாளருள் ஒருவர். பெங்களூரில் வளர்ந்து, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்ப நிலையத்தில் 1969இற் பட்டம்பெற்று, அமெரிக்கா சென்று, 1974இல் ஜெனரல் இலெக்றிக் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். வெப்பமேற்றும் குளிரூட்டும் இயந்திரங்களின் மோட்டர்களை வேகம் மாற்றி ஓட்டுவதற்கு மலிவான சுவிச்சு வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. ஒரே சிலிக்கன் சில்லில், ஏவுவது இரண்டாம்வகையாகவும் சுமப்பது முதல்வகையாகவும் அமைத்தார். இக்கருவி தைரிஸ்டரைப்போல ஒருமுறை வழிவிட்டால் அடைபடாமற் சிக்கிக்கொள்ளும் என்று ஐயுற்றோர் பலர். நிறுவனத்தின் தலைவரே ஆய்வுகூடத்திற்கு வந்து கேட்டறிந்து, செய்யும் என்று அனுமதித்தார். 1982இற் பாலிகா குழுவினர் இதனை அறிஞர் மாநாட்டில் வெளியிட்டனர். இன்று ஐ.ஜி.பி.ரி. என்று அழைக்கப்படுவது இதுவே.

இதனைத் தனியொருவர் கண்டார் என்று சொல்லிவிடல் ஆகாது. ஆர்.சி.ஏ. நிறுவனத்து பெக்கே, வீற்லி என்னும் இருவர் அதே 1982இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். சிக்கிக்கொள்ளும் குணத்தை முற்றாக நீக்கியதில் ஜப்பானியரான நக்காகாவாவின் பங்கு பெரிது. கண்டுபிடிப்புகளின் பிறப்புச்சாட்சிப் பத்திரத்தில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கும். எனினும் உலகம் பாலிகாவுக்கே உயர்ந்த பரிசில்களை அளித்தது. 2024இற் பின்லாந்தின் மிலேனியம் தொழில்நுட்பப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. மின்சாரக் கார், புகையிரதம், காற்றாலை, தூண்டல் அடுப்பு ஆகியவற்றுள் இக்கருவி இருக்கிறது.

இச்சுவிச்சுகள் ஆறு சேர்ந்தால் தூண்டல் மோட்டரின் பிடிவாதம் ஒழிந்தது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை முதலில் நேராக்கினால் ஏறத்தாழ 325 வோல்ற்றாகக் கொள்ளளவியில் நிற்கும். ஆறு சுவிச்சுகளும் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அரிந்து, வேண்டிய மீடிறனில் மூன்று அவத்தை மின்னாகத் தொடுத்துவிடும். மீடிறனைக் குறைக்கும்போது அழுத்தத்தையும் அதே விகிதத்திற் குறைக்கவேண்டும். 50க்கு 230 என்றால் 25க்கு 115. மறந்தால் இரும்பு காந்தத்தால் நிரம்பி மோட்டர் எரியும். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜெர்மனியிலே ஹாசே, பிளாஷ்கே என்போர் இன்னும் நுட்பமாகச் சென்றனர். மோட்டரின் ஓட்டத்தில் எப்பங்கு காந்தத்துக்கு, எப்பங்கு இழுவைக்கு என்று கணித்துப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே ஆளலாம் என்று காட்டினர். அக்கணிதத்தை உடனுக்குடன் செய்ய வல்ல மலிவான கணிப்பான்கள் பின்னரே வந்தன. வந்தபின் வார்ட் லெனாட்டின் மூன்று இயந்திரங்கள் செய்ததை ஒரு சிறு பெட்டி செய்தது.

மின்வழங்கிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறோம். எண்ணம் ஒன்றே என்பதால். 12 வோல்ற்றிலிருந்து 5 வோல்ற்றில் ஓர் அம்பியர் வேண்டும் என்று வையுங்கள். நெரித்துக் குறைத்தால், 5 வாற்றுப் பயனுக்கு 7 வாற்று வெப்பம். அரிந்து கொடுத்தால், பன்னிரண்டில் ஐந்து பங்கு நேரம் வழிவிட்டு, சுருளினாற் சமமாக்கிக்கொள்ளலாம். விரயம் மிகச் சிறிது. அன்றியும், மீடிறன் கூடக் கூட நிலைமாற்றியின் இரும்பு சிறுக்கும். பழைய வானொலிப்பெட்டியின் நிலைமாற்றி ஒரு செங்கல்லின் பாரம். செக்கனுக்கு ஓரிலட்சம் தடவை அரிந்தால் அதே வேலையை ஒரு புளியங்கொட்டையிற் சற்றுப் பெரிய சுருள் செய்யும். உங்கள் சட்டைப்பையில் உள்ள தொலைபேசியின் மின்னேற்றி இவ்வாறு சிறுத்ததுதான். 1977இல் வந்த அப்பிள் கணினிக்கு றொட் ஹோல்ட் இவ்வகை வழங்கியை அமைத்தார். விசிறி இல்லாமல் ஓடவேண்டும் என்பது அங்கே நிபந்தனை. எல்லாரும் ஹோல்டைப் பார்த்துக் களவெடுத்தனர் என்று ஸ்ரீவ் ஜொப்ஸ் பிற்காலத்திற் சொன்னார். அது மிகை. கணினிகளிலும் விண்கலங்களிலும் அதற்கு முன்னரே இம்முறை இருந்தது.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்ற வேளையில், பற்றரியிலிருந்து 230 வோல்ற்று எடுக்கும் பெட்டியை வாங்கியோர் இங்கே பலர். கூரையிற் சூரியத்தகடு வைத்தோரும் உளர். அவற்றுள்ளும் இதே அரிதல்தான். ஒரு குறையையும் சொல்லவேண்டும். மின்நிலையத்துப் பெருஞ் சக்கரங்களுக்குச் சுழலும் பாரம் உண்டு. திடீரென ஒரு குழப்பம் வந்தால் அப்பாரம் சில செக்கன் தாங்கும். சாதாரணச் சூரியப் பெட்டிகளுக்கு அப்பாரம் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறைக் குரங்கைப் பலரும் குறைகூறினர். வெயில் மின் மிகுந்து, சுழலும் பாரம் குறைந்திருந்த வேளை அது என்பதையும் பொறியியலாளர் எடுத்துக்காட்டினர்.

இனி எமது சொந்த விடயம். சங்கத்துக் கிணற்று மோட்டருக்கு வேகம் மாற்றும் கருவி வாங்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. விசிறிக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் வேகம் நூற்றுக்கு எண்பது ஆனால் வேண்டிய வலு ஏறத்தாழ அரைவாசியாகும் என்று விளம்பரத்தாளில் இருக்கிறது. கணக்கு சரி, எட்டை மூன்றுமுறை பெருக்கிப் பாருங்கள், ஆயிரத்தில் 512 வரும். ஆனால் அக்கணக்கு, குழாயின் உராய்வை மட்டும் எதிர்த்து நீரைத் தள்ளும் இடத்துக்கே பொருந்தும். நாமோ கிணற்றிலிருந்து கூரைத்தொட்டிக்கு ஏற்றுகிறோம். இயந்திரம் மெல்ல ஓடினால் தொட்டி தாழ்ந்துவிடாது. ஒரு வேகத்துக்குக் கீழே நீர் மேலேறவே மாட்டாது. மோட்டர் சுழலும், மின் போகும், தொட்டி காய்ந்திருக்கும். அன்றியும் எமது மோட்டர் ஓர் அவத்தையில் ஓடுவது. சாதாரணக் கருவிக்கு மூன்று அவத்தை மோட்டர் வேண்டும், அதனையும் வாங்கவேண்டும். கருவியால் ஒரு நன்மை உண்டு: நேரே போட்டால் மோட்டர் தொடங்கும்போது ஐந்து முதல் ஏழு மடங்கு ஓட்டத்தை இழுக்கும், விளக்குகள் மங்கும், கருவி மெல்லத் தொடங்கிவைக்கும். அந்த நன்மைக்கு இந்த விலை கூடுதல் என்பது எமது எண்ணம். இரண்டாம் முறையும் கைதட்டி வாங்கவேண்டாம்.

மண்டபத்து விசிறிகள் எட்டு. ஒவ்வொன்றும் 75 வாற்று இழுப்பவை. நிலைக்காந்தச் சுழலியும் உள்ளே சிறிய இலத்திரன் ஆளுகையும் உள்ள புதுவகை விசிறி, ஏறத்தாழ அதே காற்றுக்கு 30 வாற்று அளவில் இழுக்கும். எட்டுக்கும் சேர்த்து 360 வாற்று மிச்சம். மூன்று மணித்தியாலக் கூட்டமொன்றுக்கு ஓர் அலகுக்குச் சற்று மேல். விலையையும் கூட்டங்களின் தொகையையும் வைத்துப் பொருளாளர் கணக்குப் பார்க்கட்டும். பதினான்கு வீட்டாரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு எம்முடையது. அதனை மண்டப நிதியிலிருந்து எடுக்கப்போவதில்லை.

30 வாற்று என்பதை எமது வாய்ச்சொல்லால் நம்பவேண்டாம். பழைய விசிறியையும் கடையிலிருந்து இரவல் வாங்கிய புதிய விசிறியையும் மேடைக்கருகே தூக்கியிருக்கிறோம். அம்பியரை அன்றி வாற்றையே காட்டும் அளவைக் கருவியை, பின்வரிசையில் இருக்கும் அத்தம்பி கொண்டுவந்திருக்கிறார். அவர் அளந்து காட்டுவார். கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள்.

தம்பி, வாரும். இம்முறை நாம் இருக்கிறோம்.